கண் சதையை அகற்றிய பின் பார்வை எவ்வளவு தெளியும்? படத்தைத் தரம் பிரித்துக் கணிக்கும் முறை

கண்ணில் சதை வளர்ந்திருப்பதாக மருத்துவர் சொன்னதும் பெரும்பாலானவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். அறுவைச் சிகிச்சை செய்தால் மறுபடி வளருமா? செய்த பிறகு பார்வை தெளிவாகுமா? இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அவை தனித்தனிக் கேள்விகள். அறுவைக்கு முன் எடுக்கும் கண் படத்தில், முதல் கேள்விக்கான தடயம் ஓரிடத்திலும் இரண்டாவதற்கான தடயம் வேறோரிடத்திலும் இருக்கின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மருத்துவர் சொல்வது பாதி விளங்கிவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சதையைப் பற்றி. மருத்துவத்தில் இதற்கு டெரிஜியம் என்று பெயர். வெண்விழியின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அந்தச் சவ்வும் அதன் அடித்திசுவும் ரத்தக் குழாய்களோடு தடித்து, முக்கோண வடிவில் கருவிழியை நோக்கி நகர்வதே இந்த வளர்ச்சி. பெரும்பாலும் மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்துதான் கிளம்பும். இது புற்றுநோய் அன்று. கண்புரையும் அன்று, கண்புரை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவதால் வருவது, இது கண்ணின் மேற்பரப்பில் வருவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "புரை எடுத்தால் நன்றாகத் தெரியும் என்றார்களே" என்று எதிர்பார்ப்போடு வருபவர்கள் நிறையப் பேர்.

காரணங்களில் முதலிடம் சூரியனின் புற ஊதாக் கதிருக்கு. பூமத்தியரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 37 பாகை வரையுள்ள நாடுகளில் இது மிகுதி என்று 1960களிலேயே கவனித்தார்கள். சிங்கப்பூர் ஒரு பாகைக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட பூமத்தியரேகையின் மீதே இருக்கிறது. இங்கே 40 வயதைத் தாண்டிய மலாய், இந்திய, சீன மக்களிடம் 2004 முதல் 2011 வரை மூன்று கட்டங்களாகக் கண் ஆய்வுகள் நடந்தன. அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தச் சதை இருப்பது தெரியவந்தது. மலாய் மக்களிடம் விகிதம் கூடுதலாக இருந்தது. வயது, ஆண்பால், வெயிலில் செய்யும் வேலை ஆகிய மூன்றும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. கப்பல் கட்டும் தளத்திலும் கட்டுமானத் தளத்திலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும் நம் ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மூக்குப் பக்கம் ஏன் என்பதற்கும் விடை உண்டு. பக்கவாட்டிலிருந்து, அதாவது காதுப் பக்கமிருந்து கண்ணில் விழும் ஒளியை, கருவிழியின் முன்னுள்ள வளைந்த படலமான கார்னியா ஒன்றுகுவித்து, எதிர்ப்புறமான மூக்கோரத்து விளிம்பில் விழச் செய்கிறது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ 1990களில் இதை விளக்கினார். கருவிழியின் ஓரத்திலுள்ள மூல உயிரணுக்கள் இப்படிக் குவிந்த கதிரால் பாதிக்கப்படுகின்றன. ஆகவே முன்பக்கத்தை மட்டும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடியைவிடப் பக்கவாட்டையும் மூடும் கண்ணாடிதான் பயன்தரும்.

இனி பார்வைக்கு வருவோம். கருவிழியின் முன்னால் நிறமற்ற ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கார்னியா. கண்ணுக்குள் வரும் ஒளியை வளைப்பதில் பெரும்பங்கு அதனுடையது. அது எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே அளவு வளைந்திருந்தால்தான் படம் கூர்மையாக விழும். சதை கிடைமட்டமாக உள்ளே வரும்போது, அது வரும் திசையில் கார்னியாவைத் தட்டையாக்கிவிடுகிறது. சதையின் முனையில் கண்ணீர் தேங்குவதும், சதை இழுப்பதும் இதற்குக் காரணங்கள். கிடைமட்டத்தில் தட்டை, செங்குத்தில் பழைய வளைவு என்று ஆகிவிட, ஒளி ஒரே புள்ளியில் சேராமல் கோடாக இழுபடுகிறது. கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று ஓர் எண் எழுதுவார்களே, அது இந்தக் குறையின் அளவு.

சதை கண்மணியை நேராக மூடிப் பார்வையை மறைப்பது அடுத்த வழி. அது முற்றிய நிலையில்தான் நடக்கும். கண்ணீர்ப் படலம் சீராகப் பரவாமல் நாள் முழுவதும் மங்கலும் கூச்சமும் மாறி மாறி வருவது இன்னொன்று. ஆனால் பெரும்பாலானவர்களின் பார்வையைக் கெடுப்பது அந்தச் சிலிண்டர்தான். அறுவையால் திரும்பக் கிடைக்கக்கூடியதும் பெரும்பாலும் அதுவே.

இப்போது ஒரு படத்தை நெருங்கிப் பார்க்கலாம். மருத்துவமனையில் தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கி வழியாக எடுக்கும் படம் அது. திரையில் கண் பெரிதாகத் தெரிகிறது. மூக்குப் பக்கம் விரிந்த அடிப்பகுதி, நடுவே உடல், கருவிழிக்குள் நீண்டிருக்கும் வெண்மையான தலை. சில கண்களில் தலைக்குச் சற்று முன்னால் பழுப்பான மெல்லிய கோடு ஒன்று தெரியும். கார்னியாவில் படிந்த இரும்பு அது. நெடுநாளாக மெதுவாக வளர்ந்த சதையில்தான் பெரும்பாலும் காணப்படும்.

தரம் பிரித்தலின் முதல் வேலை, தலை எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று அளப்பது. ஓர் எடுத்துக்காட்டு. படத்தில் கார்னியாவின் கிடைமட்ட அகலம் 600 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். வயதுவந்தவர்களின் கார்னியா 11.5 முதல் 12 மி.மீ. வரை அகலம் இருக்கும். 12 என்று எடுத்துக்கொண்டால் 50 பிக்சல் ஒரு மி.மீ. ஆகிறது. சதையின் முனை விளிம்பிலிருந்து 150 பிக்சல் உள்ளே இருந்தால் அது 3 மி.மீ. நீளம். கார்னியாவின் ஆரம் 6 மி.மீ. என்பதால் சதை ஆரத்தில் பாதியைக் கடந்து வந்திருக்கிறது. மையத்துக்கு இன்னும் 3 மி.மீ. தான் மிச்சம்.

இந்த இரண்டு எண்களும் வெறும் கணக்கு அல்ல. சதை கார்னியா ஆரத்தின் 45 விழுக்காட்டைத் தாண்டினால், அல்லது பார்வை அச்சிலிருந்து, அதாவது ஏறத்தாழ கார்னியாவின் மையத்திலிருந்து, 3.2 மி.மீ. க்குள் வந்தால், சிலிண்டர் குறிப்பிடத்தக்க அளவில் ஏறத் தொடங்குகிறது என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் எடுத்துக்காட்டுக் கண் இரண்டு எல்லைகளையும் தாண்டிவிட்டது. ஒருவருடைய கார்னியா உண்மையில் 11 மி.மீ. தான் என்றால் நம் 3 மி.மீ. என்பது 2.75 ஆகிவிடும். ஆனால் ஆரத்தில் பாதி என்ற விகிதம் மாறாது. ஆகவே படத்திலிருந்து அளக்கும்போது மி.மீ. யைவிட விகிதத்தை நம்புவது பாதுகாப்பானது என்பது என் கருத்து. கேமரா மாறினாலும், பெரிதாக்கும் அளவு மாறினாலும் விகிதம் நிலைக்கும். இதே முறையில் சதை மூடிய பரப்பு கார்னியாவின் மொத்தப் பரப்பில் எத்தனை விழுக்காடு என்றும் கணினி கணக்கிடும்.

நீளத்தையும் பரப்பையும் வைத்துச் சொல்லக்கூடியது பார்வையைப் பற்றி. அடுத்து வரும் தரம் வேறு கேள்விக்கானது.

சிங்கப்பூர்க் கண் மருத்துவர் டொனால்ட் டான் தம் குழுவினரோடு 1997இல் வெளியிட்ட ஆய்வில் சதையை அதன் தடிமனால் மூன்றாகப் பிரித்தார். இன்று உலகெங்கும் கண் மருத்துவர்கள் பயன்படுத்தும் பிரிப்பு அது. சதைக்கு அடியில், வெண்விழியின் மேலே ஓடும் ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிந்தால் டி1. ஒன்றுமே தெரியாதபடி சதை தடித்து மறைத்தால் டி3. இரண்டுக்கும் இடைப்பட்டது டி2. நாளிதழின் மேல் துணியை விரித்தால், வேட்டியாக இருந்தால் எழுத்து தெரியும், போர்வையாக இருந்தால் தெரியாது. மருத்துவர் பார்ப்பதும் அதைத்தான்.

அந்த ஆய்வில் இரண்டு அறுவை முறைகளை ஒப்பிட்டார்கள். ஒன்று, சதையை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே திறந்து விடுவது. மற்றது, அதே கண்ணின் மேற்பகுதியிலிருந்து நல்ல சவ்வை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுவது. முதன்முறை வந்த சதைகளில், திறந்து விட்டவர்களில் 61 விழுக்காட்டினருக்கு மறுபடி வளர்ந்தது. ஒட்டுப் போட்டவர்களில் 2 விழுக்காட்டினருக்குத்தான் வளர்ந்தது. திறந்து விடும் முறையில், சதை எவ்வளவு தடிப்போ அவ்வளவு மறுவளர்ச்சி. இன்று சவ்வு ஒட்டும் முறையே வழக்கம் என்பதற்கு இத்தகைய ஆய்வுகளே அடித்தளம்.

கவனியுங்கள். தடிமன் தரம் 'மறுபடி வளருமா' என்ற கேள்விக்கானது. மெல்லிய டி1 சதை வெகுதூரம் உள்ளே போய்ப் பார்வையைக் கெடுத்திருக்கலாம். தடித்துச் சிவந்த டி3 சதை விளிம்பிலேயே நின்று, பார்வையைத் தொடாமலும் இருக்கலாம். கண்ணாடியில் பார்த்து "என் கண் இவ்வளவு சிவந்திருக்கிறதே, பார்வை போய்விடுமோ" என்று பதறுபவருக்கும், "சிவப்பே இல்லை, ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று இருந்துவிடுபவருக்கும் இதைத்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாமவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சதை வெகுகாலம் மையத்தருகே கிடந்தால் கார்னியாவின் மேலடுக்கில் தழும்பு விழுகிறது. சதையை எடுத்தாலும் தழும்பு போகாது. மேற்பரப்பு சீரற்றுப் போனால், அந்தக் குறையைச் சாதாரண மூக்குக்கண்ணாடியால் முழுதாகச் சரிசெய்யவும் முடியாது.

இரண்டு கேள்விகளும் சந்திக்கும் இடமும் உண்டு. மறுபடி வளர்ந்த சதை பெரும்பாலும் முதல் சதையைவிட வேகமாகவும் தழும்போடும் வரும். அப்போது பார்வையும் சேர்ந்து கெடும். மறுவளர்ச்சி வருவதானால் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் வந்துவிடும். அதனால்தான் அந்த ஆண்டின் மறுபரிசோதனைகளை விடக்கூடாது என்கிறார்கள்.

கணிப்பு எப்படி உருவாகிறது? கருத்தளவில் எளிது. அறுவைக்கு முன் பலருடைய படங்களை எடுத்து, நீளம், பரப்பு, மையத்திலிருந்து தூரம், தடிமன், சிவப்பு ஆகியவற்றை எண்களாக்குகிறார்கள். சில மாதங்கள் கழித்து அதே ஆட்களின் பார்வையையும் சிலிண்டரையும் அளக்கிறார்கள். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள். பிறகு, அந்தக் கணக்கில் சேராத புதியவர்களிடம் அது பலிக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்ட கணிப்பை நம்பக்கூடாது. எந்தக் கணக்கும் தான் கற்ற படங்களுக்கு நன்றாகத்தான் பொருந்தும்.

பார்வையை எண்ணாக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 6/6, 6/9, 6/12 என்று அட்டையில் படிப்பதைக் கூட்டிக் கழிக்க முடியாது. படிகள் சமமாக இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் லாக்மார் என்ற அளவுக்கு மாற்றுகிறார்கள். அதில் இயல்பான பார்வையான 6/6 என்பது 0, 6/12 என்பது 0.3, 6/60 என்பது 1. எண் குறைந்தால் பார்வை நல்லது. லாக்மார் அட்டையில் ஒவ்வொரு வரியும் 0.1 என்பதால் "சராசரியாக இரண்டு வரி முன்னேற்றம்" என்று சொல்வதற்குப் பொருள் கிடைக்கிறது.

எந்தப் பார்வை என்பதும் முக்கியம். கண்ணாடி இல்லாமலா, சரியான கண்ணாடி போட்ட பிறகா? சிலிண்டரால் மங்கியவருக்கு அறுவைக்கு முன்பே நல்ல கண்ணாடி போட்டால் 6/6 வரை தெரியக்கூடும். அப்படிப்பட்டவருக்குக் 'கண்ணாடியோடு பார்வை' என்ற அளவில் முன்னேற்றம் பூஜ்யம்; 'கண்ணாடியில்லாமல்' என்ற அளவில் பெரிய முன்னேற்றம். இரண்டுமே உண்மை. ஆகவே மருத்துவர் "பார்வை கூடும்" என்று சொன்னால், கண்ணாடியோடா இல்லாமலா என்று தயங்காமல் கேளுங்கள். இரவில் வண்டி ஓட்டும்போது எதிர் விளக்குகள் சிதறுவது, மங்கிய ஒளியில் படி தெரியாதது போன்றவை அட்டைப் பரிசோதனையில் பிடிபடுவதே இல்லை. அட்டையில் மாற்றம் இல்லை என்றாலும் கண் தெளிந்ததாக ஒருவர் சொன்னால் அவரை நம்பலாம்.

படம் மேற்பரப்பை மட்டும் காட்டுகிறது. உள்ளே லென்ஸ் மங்கியிருக்கலாம். நீரிழிவால் விழித்திரை கசிந்திருக்கலாம். கண் அழுத்த நோய் நரம்பை அரித்திருக்கலாம். சதையின் படத்தைப் பார்த்து 'நல்ல முன்னேற்றம் வரும்' என்று கணித்த கண்ணில் ஒன்றும் மாறாமல் போவதற்கு இவை பெரிய காரணங்கள். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரிந்ததே. எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் அட்டைத் துண்டில் சிறு துளையிட்டு அதன் வழியே எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். துளை வழியே தெளிவாகத் தெரிந்தால் குறை ஒளிவளைவில் இருக்கிறது, சதையை எடுப்பது உதவக்கூடும். துளை வழியேயும் மங்கல் என்றால் வேறெங்கோ தேட வேண்டும். சில விநாடி வேலை அது. விலையுயர்ந்த கருவிக்கு முன் இதைச் செய்யும் மருத்துவரை எனக்குப் பிடிக்கும்.

கார்னியாவின் மேடுபள்ளத்தை வண்ண வரைபடமாகத் தரும் டோபோகிராபி, அடுக்குகளை வெட்டிக்காட்டும் ஓசிடி ஆகிய இரண்டும் சாதாரணப் படம் காட்டாததைக் காட்டுகின்றன. டோபோகிராபியில் தட்டையான பகுதி சீராக இருந்தால் அறுவைக்குப் பிறகு திரும்பும் வாய்ப்பு நல்லது. ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தழும்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை ஓசிடி சொல்லும்.

செயற்கை நுண்ணறிவும் இதில் நுழைந்திருக்கிறது. கண் படத்தைப் பார்த்து இந்தச் சதை இருக்கிறதா என்று தானாகச் சொல்லும் முறையைச் சிங்கப்பூர் ஆய்வாளர்களே உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். கையில் பிடிக்கும் கேமராவின் படங்களிலும் அதைச் சோதித்தார்கள். பலதுறை மருந்தகத்திலோ தங்குவிடுதியிலோ எடுத்த படத்திலிருந்து யாரை நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரிக்க இது உதவும். ஆனால் சதை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, அறுவைக்குப் பிறகு என்ன தெரியும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்னொரு வேலை. பின்னதற்கு, அறுவைக்குப் பிந்தைய மாதங்களின் தரவு வேண்டும். படம் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அது இல்லாமல் நடக்காது.

சிவப்பை அளக்கும் கணினிக்கு நம் கண்கள் ஒரு சோதனைதான். இந்திய, மலாய் மக்களின் வெண்விழிச் சவ்வில் இயல்பாகவே பழுப்பு நிறம் படிந்திருப்பதுண்டு. வெளிர்நிறக் கண்களை மட்டுமே பார்த்துக் கற்ற கணினி, அந்தப் பழுப்பைத் தவறாகப் படிக்கக்கூடும். கடையில் வாங்கிய, கண்ணை வெளுக்கச் செய்யும் சொட்டு மருந்தைப் பரிசோதனை நாளில் ஊற்றிக்கொண்டு போனாலும் அளவு பிசகும். அது ரத்தக் குழாயைச் சிறிது நேரம் சுருக்கிவிடுகிறது. பார்வை சற்றுத் திரும்பியிருந்தால் சதையின் நீளமே மாறித் தெரியும். ஆகவே ஒரே படத்தை இருவர் தனித்தனியே தரம் பிரித்து, எந்த அளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்த பிறகே அந்தத் தரத்தைக் கணிப்புக்குப் பயன்படுத்த வேண்டும்.

கண்புரையும் சதையும் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. புரை அறுவையில் வைக்கும் செயற்கை லென்ஸின் திறனை, கார்னியாவின் வளைவை அளந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய சதை இருக்கும்போது அளந்தால் கார்னியா இயல்பைவிடத் தட்டையாகத் தெரியும். கணக்கு கூடுதல் திறனுள்ள லென்ஸைக் கேட்கும். பிறகு சதையை எடுத்ததும் வளைவு திரும்பிவிடும், கண்ணுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடும். ஆகவே சதை பெரிதாக இருந்தால் அதை முதலில் எடுத்து, அளவுகள் நிலைபெறும்வரை காத்திருந்து, அதன் பிறகு புரைக்குப் போவதே பொதுவான வழக்கம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள் என்று குடும்பத்தார் அவசரப்படுத்தும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சதை அறுவைக்குப் பிறகும் காத்திருப்புதான். முதல் வாரங்களில் உறுத்தலும் வீக்கமும் இருக்கும், பார்வை நாளுக்கு நாள் மாறும். கார்னியாவின் வடிவம் நிலைபெற ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். அதற்குள் புதுக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஸ்டெராய்டு சொட்டு மருந்தைச் சில வாரங்கள் போடச் சொல்வார்கள். சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால், எரிச்சல் போய்விட்டது என்று பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக்கூடாது.

கடைசியாக ஊர் திரும்பும் ஊழியர்களைப் பற்றி. வேலை அனுமதி முடிந்து புறப்பட்டுவிட்டால் அவர்களுடைய பின்பரிசோதனை அதோடு அறுந்துபோகிறது. ஆய்வுக் கணக்கிலும் அவர்கள் காணாமல் போகிறார்கள். தொடர்ந்து வரமுடிந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த கணிப்பு, வெயிலில் மிகுதியாக நின்றவர்களுக்குச் சரியாகப் பொருந்தாமல் போகலாம். இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் விஷயம். இந்தச் சதையால் அதிகம் அவதிப்படுபவர்கள் அவர்கள்தான். புறப்படுவதற்கு முன், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களின் பிரதியையும், டோபோகிராபி எடுத்திருந்தால் அதையும், அறுவை நாள், செய்த முறை, போட்ட மருந்து ஆகியவை எழுதிய சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியிலும் ஒரு பிரதி இருக்கட்டும். திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ உங்களைப் பார்க்கும் மருத்துவர், விளிம்பில் தெரியும் சிறு சிவப்பு பழைய தழும்பா, சதை மறுபடி கிளம்புகிறதா என்று பிரித்தறிய அந்தப் படங்கள் வேண்டும்.